குடல் புற்றுநோயும் ரத்தப் பரிசோதனையும்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)



இன்று நாம் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், பெருங்குடலில் உண்டாகும் புற்றுநோயை ரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா என்பதாகும். நாம் வைத்தியர் அல்ல. ஆனால் வைத்தியர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் தங்களுக்குள் எழுதி, மறுத்து, வாதாடி முடிவு கண்ட சங்கதிகள் ஒன்றும் இரகசிய மந்திரங்கள் அல்ல. படிக்கத் தெரிந்த எவரும் படித்துப் பார்க்கும்படியாகவே அவை அச்சாகிக் கிடக்கின்றன. அவற்றில் நாம் படித்ததைச் சொல்லுகிறோம். நாம் சொன்னோம் என்பதற்காக ஏற்காமல், உங்கள் புத்தியில் போட்டு உருட்டிப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நம் ஊர்களில் இப்போது "முழு உடல் பரிசோதனை" என்று ஒரு வியாபாரம் பலமாக நடந்து வருகின்றது. ஒரு தொகையைக் கட்டினால் ரத்தம் எடுத்து, நாலைந்து பக்கத்துக்குக் காகிதம் கொடுக்கிறார்கள். அதில் பலவற்றோடு ஒன்றாக "சி.இ.ஏ." என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே உள்ள எண் சின்னதாயிருந்தால், "அப்பாடா, நமக்குப் புற்றுநோய் இல்லை" என்று மனிதன் நிம்மதியாகத் தூங்கப் போகிறான். எண் கொஞ்சம் பெரிதாயிருந்தாலோ அன்று முதல் அவனுக்குத் தூக்கமே கிடையாது. அந்த நிம்மதிக்கும் ஆதாரமில்லை, இந்தப் பயத்துக்கும் ஆதாரமில்லை என்பதைத்தான் முக்கியமாக எடுத்துச் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் வியாதியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 2022-ம் வருஷத்துக் கணக்குப்படி உலக முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டது. 9 லட்சம் பேர் வரை மாண்டு போனார்கள். புற்றுநோயால் சாகிறவர்களில் நுரையீரல் புற்றுக்கு அடுத்த ஸ்தானம் இதற்குத்தான். நம் நாட்டில் மேல்நாட்டைப் போல அவ்வளவு ஜாஸ்தி இல்லை என்பது உண்மையே. ஆனால் நோய் வந்தவனுக்கு "உன் நாட்டில் இது குறைவு" என்று சொல்வதில் என்ன பிரயோஜனம்?

இந்தப் புற்று ஒரே இரவில் முளைப்பதல்ல. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் என்று சொல்லப்படும் ஒரு சிறு சதைமுளையாகத் தோன்றி, பத்து வருஷம் போல மெதுவாக வளர்ந்து, அவற்றில் சில மாத்திரம் புற்றாக மாறுகின்றன. அந்தப் பத்து வருஷத்துக்குள் முளையைக் கண்டு கத்தரித்து விட்டால், அதிலிருந்து புற்று என்பதே உண்டாகாமல் போய்விடும். வந்த நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒரு நன்மை. வராமலே செய்து விடுவது வேறொரு நன்மை. இந்த இரண்டையும் தனித்தனியே மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

சதைமுளையிலிருந்தும் புற்றிலிருந்தும் அவ்வப்போது ரத்தம் கசியும். அது கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தோடு போய்விடும். இந்த ரத்தத்தை மலத்தில் தேடிப் பார்க்கும் சோதனை மிகவும் மலிவானது. அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற இடத்தில் 50 முதல் 80 வயது வரையுள்ள 46,551 பேரைச் சேர்த்துக்கொண்டு பரீட்சித்தார்கள். ஒரு பகுதியாருக்கு வருஷந்தோறும் இந்த மலச் சோதனை செய்து, ரத்தம் தெரிந்தவர்களுக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். 13 வருஷக் கணக்கை 1993-ல் வெளியிட்டபோது, சோதனை செய்யாத பகுதியாரைக் காட்டிலும் செய்துகொண்டவர்களில் குடல் புற்றால் ஏற்பட்ட சாவு 33 சதவிகிதம் குறைந்திருந்தது. ஒரு அட்டையில் துளி மலத்தைத் தடவிக் கொடுத்ததன் பலன், தோழர்களே, இவ்வளவு!

இப்படி இருக்க, ரத்தப் பரிசோதனைக்கு என்ன அவசியம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேல்நாட்டில் அந்த அட்டையைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினாலும் கணிசமான பேர் தொடாமலே வைத்துவிடுகிறார்கள். காரணம் அருவருப்பும் வெட்கமும். நம் நாட்டைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. மலம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதை அள்ளும் வேலையை ஒரு கூட்டத்தார் தலையில் பிறவியிலேயே கட்டிவிட்டு, அவர்களையும் தொடாதே என்று சொன்ன சமூகமல்லவா இது! தன் மலத்தைத் தானே திரும்பிப் பார்ப்பதுகூடக் கேவலம் என்று நினைக்கும் மனிதன், அதில் ரத்தம் போவதை எப்படிக் கவனிப்பான்? கவனித்தாலும் யாரிடம் சொல்லுவான்? பெண்களோ கேட்கவே வேண்டாம். கணவனிடத்தும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்துக்கொண்டு, ஆள் இளைத்துப் போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கையை நீட்டி ஒரு குப்பி ரத்தம் கொடுப்பதில் இந்த வெட்கம் இல்லை. ஆகவேதான் ரத்தத்திலேயே குடல் புற்றைக் கண்டுபிடிக்க வழியுண்டா என்று ஐம்பது, அறுபது வருஷமாகத் தேடி வருகிறார்கள்.

அந்தத் தேட்டத்தின் முதல் அத்தியாயம்தான் மேலே சொன்ன சி.இ.ஏ. என்பது. 1965-ல் கனடா தேசத்து மான்ட்ரியால் நகரில் பில் கோல்டு, சாமுவேல் பிரீட்மன் என்ற இருவர், குடல் புற்றுச் சதையில் ஒரு புரதப் பொருளைக் கண்டார்கள். அதே பொருள் தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் குடலிலும் இருந்தது. ஆகவே சிசுப் பருவத்தில் சுரந்து, பிறகு அடங்கிப் போகும் ஒன்று, புற்று வந்தால் மறுபடி தலைதூக்குகிறது என்று கருதி அதற்குப் பேரும் வைத்தார்கள். 1969-ல் அதை ரத்தத்தில் அளக்கும் முறையும் வந்தது. முதலில் பார்த்த சிறு கூட்டத்தில் குடல் புற்று உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாரிடத்திலும் அது தென்பட்டது. பத்திரிகைகள் சும்மா இருக்குமா? புற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது என்றே உலகம் நினைத்தது.

பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். மற்ற ஊர்களில் மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். புகை பிடிக்கிறவர்களுக்கும் அது உயர்ந்திருந்தது. கல்லீரல் கெட்டவர்களுக்கும், குடல் புண் உள்ளவர்களுக்கும், கணைய வீக்கம் கண்டவர்களுக்கும், வேறு உறுப்புகளில் புற்று உள்ளவர்களுக்கும் உயர்ந்திருந்தது. இன்னொரு பக்கம், குடலில் புற்று சிறியதாய், குணப்படுத்தக் கூடிய நிலையில் இருக்கும்போது பாதிப்பேருக்குக்கூட உயரவில்லை. சில புற்றுகள் அந்தப் பொருளைக் கடைசிவரை சுரப்பதேயில்லை. இதை வெளியிட்டவர்கள் வேறு யாருமல்ல, அதே துறை ஆராய்ச்சிக்காரர்களே. ஜோசியன் பத்துச் சொல்லி ஒன்று பலித்தால் அந்த ஒன்றை ஊரெல்லாம் பறைசாற்றுவான். பலிக்காத ஒன்பதை யார் எழுதி வைத்தார்கள்? இங்கே பலிக்காததைத்தான் முதலில் எண்ணி எழுதுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். யாதொரு தொந்தரவும் இல்லாத 10,000 பேருக்கு சி.இ.ஏ. பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 40 பேருக்கு உண்மையில் குடலில் புற்று இருக்கட்டும். சோதனை அதில் பாதியைப் பிடித்தால் 20 பேர். மீதி 20 பேர் "நமக்கு ஒன்றுமில்லை" என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நோயில்லாத 9,960 பேரில் நூற்றுக்கு 5 பேருக்கு வேறு காரணத்தால் எண் உயர்ந்திருக்குமானால் அவர்கள் சுமார் 500 பேர். ஆக, எண் உயர்ந்த 520 பேரில் நோயுள்ளவர் 20 பேர். அதாவது பயப்படுகிற 26 பேரில் ஒருவன்தான் பயப்பட வேண்டியவன்! இந்த எண்கள் உதாரணத்துக்காகச் சொன்னவை. ஆனால் சங்கதி இதுதான். அதனாலேதான் அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் முதலிய எந்தப் பொறுப்புள்ள ஸ்தாபனமும், சுகமாக இருப்பவர்களிடம் நோயைத் தேட சி.இ.ஏ. பார்க்கும்படி சொல்லவில்லை. சொல்லாததை நம் ஊர்ப் பரிசோதனைக் கடைகள் சேர்த்து விற்கின்றன. காசு போவதைவிட மோசம், அந்தப் பொய்யான நிம்மதி.

நிற்க. அப்படியானால் சி.இ.ஏ. வீணா என்றால், வீணல்ல. கண்டுபிடிக்க உதவாத அதே சோதனை, கண்காணிக்க நன்றாக உதவுகின்றது.

புற்று இருப்பது ஊர்ஜிதமான ஒருவருக்கு ஆபரேஷன் செய்யுமுன் சி.இ.ஏ. எடுத்து வைக்க வேண்டும். அது உயர்ந்திருந்து, ஆபரேஷனுக்குப் பிறகு நாலு, ஆறு வாரங்களில் இறங்கிவிட்டால், அவருடைய புற்று இந்தப் பொருளைச் சுரக்கும் ஜாதி என்பதும், அது அகற்றப்பட்டது என்பதும் தெரிகிறது. இறங்காவிட்டால் எங்கோ மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு முதல் இரண்டு வருஷம் 3 மாதம் முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், அப்புறம் ஐந்து வருஷம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்து வருகிறார்கள். இந்த நோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதலில் இறங்குமிடம் கல்லீரல். அங்கே அது ஒன்றிரண்டு இடத்தில் சிறியதாக இருக்கும்போதே தெரிந்தால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் பல வருஷம் பிழைத்திருப்பவர்கள் உண்டு. உடம்பில் வலி கண்டு, மஞ்சள் பூத்து வந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். எண் ஏறுவது வலிக்கு முன்னால் வரும் தந்தி.

இதையும் அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 39 ஆஸ்பத்திரிகளில் 1,202 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2014-ல் வெளிவந்தது. விசேஷக் கண்காணிப்பு இல்லாத பகுதியாரில், திரும்பி வந்த நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு ஆபரேஷன் செய்ய முடிந்தது 100-க்கு 2.3 பேருக்கு. சி.இ.ஏ. பார்த்து வந்தவர்களில் 6.7 பேருக்கு. சி.டி. ஸ்கேன் எடுத்து வந்தவர்களில் 8 பேருக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் லாபம் ஒன்றும் தெரியவில்லை. அதோடு, மொத்தத்தில் சாவு குறைந்தது என்று அந்த ஆராய்ச்சியால் நிரூபிக்க முடியவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2015-ல் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, 5 என்ற எண்ணை எல்லையாக வைத்தால், நோய் திரும்பியவர்கள் 100 பேரில் 71 பேரைத்தான் காட்டிக் கொடுக்கிறது என்றும், திரும்பாதவர் 100 பேரில் 12 பேரை வீணாக மிரட்டுகிறது என்றும் தெரிந்தது. ஆகவே ஒருமுறை உயர்ந்தது என்று உடைந்து போக வேண்டாம். சில வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும். தொடர்ந்து ஏறுகிறதா என்பதே கேள்வி. ஒவ்வொரு முறையும் ஒரே பரிசோதனைச் சாலையில் பார்ப்பது நல்லது. ஏனெனில் அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். பழைய காகிதங்களைத் தூக்கியெறியாமல் ஒரு நூலில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாதகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி வைக்கிறவர்கள் இதை எண்ணெய்க் கடையில் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடுகிறார்கள்!

இனி, புதிதாக வந்திருக்கும் சோதனைகளைப் பற்றி. செத்துப்போகும் அணுக்களிலிருந்து டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளின் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கின்றன. ரத்தத்தில் இப்படி இருப்பதை 1948-லேயே பிரான்சு தேசத்தில் கண்டிருந்தார்கள். புற்று அணுவிலிருந்து வந்த துணுக்கைப் பிரித்தறியும் திறமை பிற்காலத்தில்தான் வந்தது. அமெரிக்க சர்க்கார் 2016-ல் இவ்விதச் சோதனை ஒன்றையும், 2024 ஜூலையில் "ஷீல்டு" என்ற இன்னொன்றையும் அனுமதித்தார்கள். பின்னது 45 வயதும் அதற்கு மேலும் உள்ள, விசேஷ ஆபத்து இல்லாதவர்களுக்கு.

இந்த ஷீல்டின் கணக்கு வெளியாகியிருக்கிறது. 7,861 பேருக்கு ரத்தமும் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். புற்று இருந்தவர்கள் 65 பேர். அவர்களில் 54 பேரை ரத்தம் காட்டிக் கொடுத்தது. 100-க்கு 83 என்பது சி.இ.ஏ.யோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். மெச்ச வேண்டியதுதான். ஆனால் அடுத்த வரியையும் படியுங்கள். புற்றாக மாறக்கூடிய பெரிய சதைமுளைகள் 1,116 பேருக்கு இருந்தன. ரத்தம் காட்டியது 147 பேரைத்தான். 969 பேருக்கு முளை இருந்தும் "ஒன்றுமில்லை" என்றது. இந்த இரண்டும் இல்லாதவர்களிலோ 100-க்கு 10 பேரை வீணாகப் பயப்படுத்தியது. முதலில் இரண்டு நன்மைகளைப் பிரித்துச் சொன்னோமே, அது இங்கேதான் பயன்படுகிறது. இந்தச் சோதனை வந்த புற்றைக் காட்டும். வரப்போவதைத் தடுக்க அநேகமாக உதவாது. மலச் சோதனையின் புதிய முறையை 9,989 பேரிடம் பார்த்து 2014-ல் வெளியிட்ட கணக்கில், அது புற்றில் 100-க்கு 74-ஐயும், பெரிய முளைகளில் 100-க்கு 24-ஐயும் பிடித்தது. வருஷந்தோறும் திரும்பச் செய்வதால், இந்த வருஷம் தப்பியது அடுத்த வருஷம் அகப்படும். விலையைப் பார்த்தாலோ, ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல். மற்றது அதன் பக்கத்தில் வைத்துப் பேசத் தகாத அற்பம்.

ஆகவே நம்மைக் கேட்டால், வெட்கத்தை விட்டவனுக்கு மலச் சோதனை அல்லது குடலுக்குள் பார்க்கும் கொலனாஸ்கோப்பி. இரண்டையும் கட்டாயமாக மறுப்பவனுக்கு, ஒன்றுமில்லாததற்கு அந்த ரத்தச் சோதனை. அதில் நோய்க்குறி தென்பட்டால் எப்படியும் கொலனாஸ்கோப்பி செய்துதான் ஆகவேண்டும். அதிலிருந்து தப்ப வழியில்லை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலச் சோதனைச் சாமான் வீடு தேடி வருகிறது. நம் சர்க்காரின் தேடல் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுக்கள்தான் உள்ளன, குடல் இல்லை. நாமாகக் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும்.

டி.என்.ஏ. சோதனைக்கும் கண்காணிப்பில் நல்ல இடம் ஏற்பட்டு வருகின்றது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் கட்டப் பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷன் ஆன 455 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் புற்றுத் துணுக்கு மிதப்பவர்களுக்கு மாத்திரம் மருந்து ஏற்றுவது என்று வைத்துக்கொண்டதில், மருந்து ஏற்றவேண்டி வந்தவர்கள் 100-க்கு 28-லிருந்து 15 ஆகக் குறைந்தார்கள். நோய் திரும்புவதோ அதிகமாகவில்லை. வாந்தியும் மயிர் உதிர்தலும் கைகால் மரத்தலுமாக அந்த மருந்தைப் பட்டு அனுபவித்த குடும்பத்தாருக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

இவ்வளவு பெரிய சோதனைகளைப் பற்றிப் பேசிவிட்டு, மிகச் சாதாரணமான ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின் என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் பார்க்கிறார்களே, அதுவும் ரத்தப் பரிசோதனைதான். பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்று இருந்தால் வலியோ மலச்சிக்கலோ இல்லாமல் வெகுநாள் ரத்தம் மாத்திரம் கசிந்துகொண்டிருக்கும். மனிதன் வெளுத்துப் போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பான். இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுப்பார்கள். கொஞ்சம் தேறும், மறுபடி வெளுக்கும், இன்னொரு குப்பி டானிக். வயது வந்த ஆணுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், இரும்புச் சத்துக் குறைவால் சோகை கண்டால், அந்த ரத்தம் எங்கே போயிற்று என்று கேட்காமல் விடக்கூடாது. நம் நாட்டில் கொக்கிப் புழுவாலும் சாப்பாட்டுக் குறைவாலும் சோகை வருவது உண்டுதான். அதற்காக, கேள்வியைக் கேட்காமலே பதிலை வைத்துக்கொள்ளலாமா? பெட்டியில் பணம் குறைந்தால் மேலும் பணம் போட்டு நிரப்பிக்கொண்டே இருப்பானா ஒருவன், ஓட்டை எங்கே என்று பார்ப்பானா?

சில தோழர்கள் சீட்டெழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு தோழர், தமக்கு இருபது வருஷமாக மூல வியாதி உண்டு, ரத்தம் போவது அதனால்தானே என்று கேட்கிறார். மூலம் இருப்பதால் புற்று வராது என்று விதியில்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். ரத்தம் போவதோடு மலங்கழிக்கும் வழக்கம் மாறியிருந்தாலோ, எடை குறைந்திருந்தாலோ, வயது 45-க்கு மேலாகியிருந்தாலோ, மூலத்துக்கு லேகியம் தின்றுகொண்டு உட்காராமல் குடலைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொருவர், தகப்பனாருக்கு 48 வயதில் இந்த நோய் வந்தது, தாம் என்ன செய்வது என்கிறார். இவருக்கு ரத்தச் சோதனை பொருந்தாது. அது விசேஷ ஆபத்து இல்லாதவர்களுக்கு ஏற்பட்டது. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் யாருக்கேனும் இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்கு 10 வருஷம் முன்னாலேயோ, எது முந்தியதோ அப்போதே கொலனாஸ்கோப்பி தொடங்க வேண்டும். இவருடைய கணக்கில் அது 38. இவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

கடைசிச் சீட்டு, குழாய் விடுவது மிகவும் வலிக்குமா என்பது. முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்வதுதான் உபத்திரவம். அன்று கக்கூசை விட்டு நகர முடியாது. மறுநாள் தூக்கம் வரும்படி ஊசி போட்டு, அரைமணி நேரம்போலப் பார்ப்பார்கள். முளை இருந்தால் அப்பொழுதே அந்தக் குழாய் வழியாகவே கத்தரித்து எடுத்துவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று தெளிவாகத் தெரிந்தால், குடும்பத்தில் இந்த நோய் இல்லாதவர்களுக்குப் பத்து வருஷத்துக்குத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி மயக்கம் சாயங்காலம் வரை இருக்குமாகையால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.